ஊரின் மின் கணக்கைப் படிப்போம்

(ஸ்ரீரங்கத்தில் சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடக்கப் பள்ளிகளிலிருந்தும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். புதுப்பிக்கத்தக்க ஆற்றலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இது நம் எல்லோருக்கும் பழகிய பாடம்தான். சூரியன், காற்று, நீர், உயிரி எரிபொருள் என்று கரும்பலகையில் எழுதுவோம். நிலக்கரி தீர்ந்துபோகும், இவை தீராது என்போம். ஓர் ஓவியப் போட்டி, ஒரு பேரணி, ஓர் உறுதிமொழி. பாடம் முடிந்துவிடும். மாணவர் நினைவில் நிற்பது 'மின்சாரத்தைச் சேமிப்போம்' என்ற வாசகம் மட்டும்.

இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்புவது ஒன்றுதான். இந்தப் பாடத்தை ஊரின் கணக்காக நடத்தலாம். நம் ஊரில் மின்சாரம் எதற்கெல்லாம் செலவாகிறது? அது எங்கிருந்து வருகிறது? அதற்கு யார் பணம் கட்டுகிறார்கள்? அதை மாற்றும் முடிவை எந்தக் கூட்டத்தில் எடுக்கிறார்கள்? இந்த நான்கு கேள்விகளுக்கும் மாணவர்கள் விடை தேடத் தொடங்கினால், காலநிலை மாற்றம் அவர்கள் ஊர்ச் செய்தியாகிவிடும்.

வெயில் நம் நாள்காட்டிக்குள் வந்துவிட்டது

2023-ஆம் ஆண்டு கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த கதை உங்களுக்கு நினைவிருக்கும். ஜூன் முதல் வாரத்தில் திறப்பதாக இருந்த பள்ளிகள் வெயில் காரணமாகத் தள்ளிப்போயின. கடைசியில் 6 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு ஜூன் 12-லும், 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு ஜூன் 14-லும்தான் திறந்தன. 2024-லும் ஜூன் 6 என்று அறிவித்திருந்த தேதி ஜூன் 10 ஆனது.

திருச்சிக்கு வெயில் புதிதல்ல. சித்திரை, வைகாசியில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே வழக்கம். ஆனால் வெயிலுக்காகப் பாட நாள்கள் நகர்கின்றன என்றால், அது நம் வேலைக்குள்ளேயே வந்துவிட்டது என்று பொருள். ஒவ்வொரு நாள் தள்ளிப்போகும்போதும் அந்த நாளைப் பிற்பாடு ஏதோ ஒரு சனிக்கிழமையில் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. கான்கிரீட் தளத்துக்குக் கீழே, மேல்மாடி வகுப்பறையில் மதியம் இரண்டு மணிக்குக் கணக்குப் போடும் பிள்ளைக்குக் காலநிலை மாற்றம் எங்கோ துருவப் பகுதியில் நடக்கும் செய்தியாக இருக்க முடியாது.

இரண்டு ஆறுகளுக்கு நடுவில்

நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் ஸ்ரீரங்கம், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள தீவு. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் பெருக்கெடுத்தபோது பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்ததை இங்குள்ள பலர் கண்ணால் பார்த்திருப்பீர்கள். அதே மாதம் 22-ஆம் தேதி இரவு, முக்கொம்பு மேலணையில் கொள்ளிடக் கதவணையின் 45 மதகுகளில் 9 உடைந்தன. 1836-இல் கட்டி முடிக்கப்பட்ட அணை அது. அதற்குப் பிறகு அங்கே புதிய கதவணையே கட்ட வேண்டியதாயிற்று.

இதை வகுப்பில் சொல்லும்போது நிதானம் வேண்டும். 'காலநிலை மாற்றத்தால் மேலணை உடைந்தது' என்று ஒரே வரியில் சொல்லிவிடக் கூடாது. அணையின் வயது, ஆற்றுப் படுகையின் நிலை, பராமரிப்பு, திறந்துவிட்ட நீரின் அளவு என்று பல காரணங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இயற்பியல் உறுதியாகச் சொல்வது இதுதான்: காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால், ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் மழை கொட்டும்போது கூடுதலாகக் கொட்டுவதற்கு வாய்ப்பு உண்டு. பழைய மழையைக் கணக்கிட்டுக் கட்டிய பாலமும் மதகும் வாய்க்காலும் புதிய மழையைத் தாங்குமா என்பதே நம் ஊருக்கான கேள்வி. காரணங்களைப் பிரித்துப் பார்க்கப் பழகிய மாணவர், பிற்காலத்தில் எந்தச் செய்தியையும் அப்படியே விழுங்கமாட்டார்.

இங்கே ஓர் அழகான தொடர்பும் இருக்கிறது. ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபம் படித்துறையில் கூட்டம் நிரம்பி வழிகிறதே, அந்த நீர் எங்கிருந்து வருகிறது? தென்மேற்குப் பருவக்காற்று குடகு மலையில் மழையாகப் பெய்து, மேட்டூர் வழியாக வந்த நீர். அதே காற்றின் ஒரு பகுதி பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து உடுமலைப்பேட்டைப் பக்கம் வீசுகிறது. 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்கிறோமே, அந்தக் காற்றுதான் அங்குள்ள காற்றாலைகளைச் சுற்றவைக்கிறது. காவிரிக்கு நீர் கொடுக்கும் காற்றே நமக்கு மின்சாரமும் கொடுக்கிறது. புவியியலையும் இயற்பியலையும் ஒரே பாடமாக நடத்த இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஓடந்துறை போட்ட கணக்கு

அந்தக் காற்றைத் தனக்கென்று பயன்படுத்திக்கொண்ட ஓர் ஊராட்சியைப் பார்ப்போம். கோயம்புத்தூர் மாவட்டம், மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை. 1996 முதல் 2006 வரை அதன் தலைவராக இருந்தவர் திரு. ஆர். சண்முகம்.

அந்த ஊராட்சி பசுமைப் புரட்சி செய்யப்போகிறேன் என்று தொடங்கவில்லை. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் கட்டும் மின் கட்டணம் ஊராட்சியின் வருமானத்தைத் தின்றுகொண்டிருந்தது. அதைக் குறைக்க வழி தேடினார்கள். சில தெருக்களுக்குச் சூரிய விளக்குகள் போட்டார்கள். 2003-இல் மரக்கழிவிலிருந்து எரிவாயு தயாரித்து மோட்டாரை ஓட்டும் 9 கிலோவாட் கருவியை வைத்தார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கினார்கள். விலை ரூ.1.55 கோடி. இதில் ரூ.40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு. மீதி ரூ.1.15 கோடி வங்கிக் கடன்.

காற்றாலையை ஓடந்துறையில் நிறுவவில்லை. காற்று நன்றாக வீசும் மைவாடியில், உடுமலைப்பேட்டைப் பக்கம் நிறுவினார்கள். அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் மின் வாரியத்தின் கம்பியில் சேரும். ஊராட்சியின் பயன்பாடு அதில் கழியும். ஆண்டு உற்பத்தி சுமார் 6.75 லட்சம் யூனிட், ஊராட்சியின் தேவை சுமார் 4.5 லட்சம் யூனிட் என்பது அப்போது சொல்லப்பட்ட கணக்கு. மிச்சம் மின் வாரியத்துக்கு.

பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள். 350 கிலோவாட் இயந்திரம் ஆண்டு முழுவதும், 8,760 மணி நேரமும், முழு வேகத்தில் ஓடினால் எத்தனை யூனிட்? 30.66 லட்சம். கிடைப்பதோ 6.75 லட்சம். அதாவது 22 விழுக்காடு. ஏன்? காற்று எப்போதும் வீசாது. வைகாசி முதல் புரட்டாசி வரை வீசும், பிறகு ஓயும். காற்றாலையின் பலமும் பலவீனமும் இந்த ஒரு விழுக்காட்டுக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

அந்த ஊராட்சியிடம் நாம் கற்க வேண்டியது இயந்திரம் வாங்கியதை மட்டுமல்ல. முதலில் மின் கட்டணத்தை எடுத்துப் படித்தார்கள். சிறிதாகச் செய்து பார்த்தார்கள். அதன் பிறகே பெரிய கடன் வாங்கினார்கள். இந்த வரிசையை மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

திருச்சியின் கணக்கு

திருச்சியில் அப்படிக் காற்று வீசாது, வெயில் உண்டு. இங்கே மாநகராட்சியின் மின்செலவில் பெரும்பங்கு எதற்கு என்று மாணவர்களைக் கேளுங்கள். தெருவிளக்கு என்பார்கள். குடிநீரை நினைக்கமாட்டார்கள். கம்பரசம்பேட்டை போன்ற இடங்களில் காவிரியிலிருந்தும் கொள்ளிடத்திலிருந்தும் எடுக்கும் நீரை மேல்நிலைத் தொட்டிகளுக்கு ஏற்ற மோட்டார்கள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதையும் கணக்காகப் போடலாம். ஆயிரம் லிட்டர் நீரை 30 மீட்டர் உயரம் ஏற்ற 2,94,000 ஜூல் வேண்டும். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். ஆக ஏறத்தாழ 12-இல் ஒரு பங்கு யூனிட். மோட்டாரின் திறன் பாதி என்று வைத்துக்கொண்டால் 6-இல் ஒரு பங்கு. பள்ளிக் குழாயில் நீர் ஒழுகினால் காவிரி நீரோடு மின்சாரமும் ஒழுகுகிறது. இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த மாணவர், குழாயை மூடும்படி சொல்ல வேறு யாரும் தேவையில்லை.

மாநகராட்சி, பஞ்சப்பூரில் 2.4 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் சூரிய மின்தகடு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும் என்று கொண்டால், 2,400 கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 9,600 யூனிட். ஓடந்துறை சின்ன அளவில் செய்ததை இங்கே ஒரு மாநகராட்சி செய்கிறது. உள்ளாட்சி தன் மின்சாரத்தைத் தானே தயாரிக்கிறது. மாணவர்களை அழைத்துச் சென்று காட்டத் தக்க இடம். முறையாக அனுமதி கேட்டுப் பாருங்கள்.

வகுப்பில் இருக்கும் இன்னொரு பிள்ளை

திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டுகிறேன்.

திருச்சியில் பெல் நிறுவனம் 1965-இல் தன் உற்பத்தியைத் தொடங்கியது. நாட்டின் அனல் மின் நிலையங்களுக்கு வேண்டிய கொதிகலன்கள் இங்கிருந்து போயின. அதைச் சுற்றி எத்தனையோ சிறு பட்டறைகள் வளர்ந்தன. வெல்டிங், கட்டிங், ஃபேப்ரிகேஷன் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் நம் பள்ளிகளில் நிறைய. அந்த வகுப்பில் நின்று 'நிலக்கரி நாசம் செய்கிறது' என்று மட்டும் சொன்னால், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை என்ன நினைக்கும்? தன் அப்பா தப்பான வேலை செய்கிறார் என்று நினைக்காதா?

உண்மை அவ்வளவு எளிதானதும் இல்லை. நம் ஊர் விளக்குகள் எரிந்ததும் மருத்துவமனைகள் இயங்கியதும் பெருமளவு நிலக்கரி மின்சாரத்தால்தான். நாட்டின் மின் உற்பத்தியில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. இந்திய மின் கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாவது அதனால்தான். இதை மாற்றியாக வேண்டும். மாற்றும்போது அந்தக் குடும்பங்களின் வேலைக்கு என்ன வழி என்பதும் அதே பாடத்தில் இருக்க வேண்டும். காற்றாலைக் கோபுரம் என்பதும் தகட்டை வளைத்து வெல்டிங் செய்வதுதான். சூரிய மின்தகட்டைத் தாங்கும் சட்டத்துக்கும் அதே கைத்திறன் வேண்டும். உங்கள் அப்பாவின் தொழில்திறன் நாளைய மின்சாரத்துக்கும் வேண்டும் என்று சொல்லும் ஆசிரியரை அந்தப் பிள்ளை மறக்காது.

கொள்கையைப் படிக்கும் முறை

அரசின் கொள்கை அறிவிப்புகளை மாணவர்களோடு சேர்ந்து படிக்கலாம். அதற்கு இரண்டு கேள்விகள் போதும்.

முதலாவது, எந்த எண்ணைச் சொல்கிறார்கள்? 2030-க்குள் நிறுவுதிறனில் பாதியைப் புதைபடிவமற்ற மூலங்களிலிருந்து பெறுவது இந்தியாவின் இலக்கு. 2025-லேயே அதை எட்டிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரிய சாதனை. ஆனால் நிறுவுதிறன் வேறு, உற்பத்தி வேறு. ஓடந்துறைக் காற்றாலையின் 22 விழுக்காட்டை நினைத்துக்கொண்டால் இந்த வேறுபாடு உடனே புரியும்.

இரண்டாவது, யாருக்குக் கிடைக்கும்? 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூரிய கர் திட்டத்தில், வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் சூரிய மின்தகடு அமைத்தால் ரூ.78,000 மானியம். நல்ல திட்டம். ஆனால் அதற்குச் சொந்தக் கூரை வேண்டும். ஸ்ரீரங்கத்து ஒண்டுக்குடித்தனத்தில் வாடகைக்கு இருப்பவர் என்ன செய்வார்? அடுக்குமாடியில் இருப்பவர்? ஓட்டு வீட்டுக்காரர்? இவர்களுக்கும் பங்கு கிடைக்க வேண்டுமென்றால் பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர் நிலையம் போன்ற பொதுக் கட்டடங்களின் கூரைதான் வழி. மாணவர்கள் விவாதிக்க இது நல்ல பொருள்.

கொள்கையும் மக்களும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். வீட்டுக்கு வீடு குழாய் வந்தது. ஆண்டுதோறும் தூர்வாரிய இடங்களில் கிணற்றில் நீர் ஏறியது. கவனிக்காமல் விட்ட இடங்களில் குழாய் அடைத்துப் போனது. இந்த ஊர் அரங்கநாத சுவாமி கோயிலுக்கு 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. பழைய மழைநீர் வழிகளை மீட்டுச் சீர்செய்ததும் அந்தப் பணியில் அடங்கும். சூரிய மின்தகட்டுக்கும் இதே விதிதான். தூசி படிந்த தகடு குறைவான மின்சாரமே தரும். யார் துடைப்பது, எந்தக் கிழமை துடைப்பது என்பதை முடிவு செய்யாமல் தகடு போடக் கூடாது.

பள்ளியில் என்ன செய்யலாம்?

தொடக்க வகுப்புகளில்: பள்ளி மீட்டரில் ஓடும் எண்களை வாரம் ஒரு நாள் குறிக்கச் சொல்லலாம். இடமதிப்புக்கும் கழித்தலுக்கும் உயிருள்ள பயிற்சி அது. எத்தனை விளக்கு, எத்தனை மின்விசிறி என்று எண்ணிப் படவிளக்கம் வரையலாம். மதியம் பன்னிரண்டு மணிக்கு முற்றத்தில் நிழல் எங்கே விழுகிறது என்று சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக் குறிக்கலாம். மரம் எங்கே வேண்டும் என்பது அதிலிருந்தே தெரியும்.

நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில்: பத்து வகுப்பறை, அறைக்கு இரண்டு மின்விசிறி என்று வைத்துக்கொள்வோம். பழைய விசிறி 75 வாட். இருபது விசிறிகள் நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் 9 யூனிட். 200 நாளுக்கு 1,800 யூனிட். புதிய வகை விசிறி சுமார் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். அப்போது 720 யூனிட். மிச்சம் 1,080 யூனிட். 0.7-ஆல் பெருக்கினால் 756 கிலோ கரியமில வாயு குறைகிறது. புதிய விசிறியின் விலையை மாணவர்களே கடையில் விசாரித்து, எத்தனை ஆண்டில் பணம் திரும்பும் என்று கண்டுபிடிக்கட்டும்.

மேல்நிலை வகுப்புகளில்: கூரையை அளக்கச் சொல்லுங்கள். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். வெயில் உச்சத்தில் இருக்கும் மே மாதத்தில் பள்ளி மூடியிருக்கும். அந்த மின்சாரம் எங்கே போகும், அதற்கு மின் வாரியம் எப்படிக் கணக்கு வைக்கிறது என்பதை வாரிய அலுவலகத்தில் கேட்டுவரட்டும். கூரைத் தளத்துக்கு வெள்ளை பூசினால் கீழே எத்தனை டிகிரி குறைகிறது என்பதை இரண்டு அறைகளில் வெப்பமானி வைத்து ஒப்பிடலாம்.

ஒரு வேண்டுகோள். மாணவரின் வீட்டு மின் ரசீதை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். ஏ.சி. உள்ள வீடு எது, ஒற்றை விளக்கு எரியும் வீடு எது, கட்டணம் பாக்கி வைத்த வீடு எது என்பது நாலு பேருக்கு முன்னால் தெரிய வேண்டியதில்லை. பள்ளியின் மீட்டர் எல்லோருக்கும் பொது. அதுவே போதும்.

கணக்கை எங்கே கொண்டுபோவது?

கணக்கு நோட்டுக்குள்ளேயே இருந்துவிட்டால் பயனில்லை. முதல் இடம் பள்ளி மேலாண்மைக் குழு. பெற்றோர்கள் அமர்ந்திருக்கும் அந்தக் கூட்டத்தில் மாணவர்கள் பத்து நிமிடம் தங்கள் கணக்கைப் படிக்கட்டும். 'மேல்மாடித் தளத்துக்கு வெள்ளை பூச வேண்டும்' என்று தீர்மானம் போடுவதற்கு அந்தக் குழுவுக்கு வழி உண்டு.

அடுத்து, ஊராட்சிப் பகுதியென்றால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மாநகராட்சிப் பகுதியென்றால் பகுதி சபை. 1994-இல் திருச்சி மாநகராட்சியானபோது ஸ்ரீரங்கமும் அதில் சேர்ந்தது. ஆகவே இந்த ஊர்ப் பிள்ளைகள் கேள்வி கேட்க வேண்டிய இடம் பகுதி சபை. மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையில் காலநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது. அங்கே அனுப்பும் கடிதத்தில் பொதுவான வேண்டுகோளை எழுதுவதைவிட, பள்ளியில் அளந்த எண்களை எழுதினால் பதில் எழுதுகிறவரும் எண்ணோடு எழுத வேண்டியிருக்கும்.

'இத்தனை சின்னப் பள்ளி இதைச் செய்து உலகம் குளிர்ந்துவிடுமா?' என்று ஆசிரியர் அறையில் யாரேனும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 756 கிலோ கரியமில வாயுவால் உலகம் குளிராது. ஆனால் இன்று மீட்டரைப் படிக்கப் பழகும் பிள்ளைகளில் ஒருவர் நாளை ஊராட்சித் தலைவராகலாம், மாமன்ற உறுப்பினராகலாம், மின் வாரியப் பொறியாளராகலாம், வெல்டிங் பட்டறை நடத்தலாம். ஓடந்துறையில் நடந்தது ஒரு மின் ரசீதைக் கவனித்துப் படித்ததில்தான் தொடங்கியது. அப்படிப் படிக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு நாலு பேர் வேண்டும். அவர்களை உருவாக்கும் இடம் நம் வகுப்பறை.

அடுத்த முறை சந்திக்கும்போது ஒவ்வொருவரும் உங்கள் பள்ளியின் இரண்டு மாத மீட்டர் கணக்கோடு வாருங்கள். தொடக்கப் பள்ளியின் கணக்கையும் மேல்நிலைப் பள்ளியின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவோம்.